வட்டியில்லாத் தவணையில் இன்வெர்ட்டர் வாங்கலாமா?

கேள்வி: சென்னைப் புறநகரான முடிச்சூரில் தரைத்தள வாடகை வீடு. நான், மனைவி, மகள், சர்க்கரை நோயுள்ள அம்மா. சம்பளம் 45,000 ரூபாய்; வங்கியில் 70,000 இருக்கிறது. மழைக்கு முன் 24,000 ரூபாய் இன்வெர்ட்டரை (150 ஆம்பியர்-மணி, அதாவது ஏஹெச், பேட்டரி) வட்டியில்லாத் தவணையில் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் 8,000 ரூபாய் ரொக்கம் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் பக்கம் கரண்ட் போனதோடு செல்போன் சிக்னலும் போனது. சிக்னல் இல்லாவிட்டால் ஜிபே கிடையாது, கரண்ட் இல்லாவிட்டால் ஏடிஎம்மும் கிடையாது. 500 ரூபாயை நீட்டினால் தண்ணி கேன் கொண்டுவருபவரிடம் சில்லறை இருக்காது. அதனால் 100 ரூபாய் நோட்டு 40, ஐம்பது 40, இருபது 50, மீதிக்கு 500 இரண்டு. பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் வையுங்கள். அம்மாவின் மாத்திரைகளையும் 15 நாளுக்குக் கூடுதலாக வாங்கிவிடுங்கள்.

அடுத்து ஃபேன். 150 ஏஹெச் பேட்டரியில் கணக்குப்படி (150 × 12 வோல்ட்) 1,800 வாட்-மணி; இழப்பு போகக் கைக்கு வருவது சுமார் 1,350. சாதாரண ஃபேன் இரண்டு (150 வாட்), எல்இடி பல்பு நான்கு, மோடம் சேர்ந்தால் 200 வாட். ஏழு மணி நேரம்கூடத் தாங்காது. ஃபேன்களை மட்டும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேனுக்கு மாற்றினால் மொத்தமே 105 வாட்தான். 12 மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரண்டு ஃபேனுக்கும் சேர்த்து ஏறக்குறைய 6,000 ரூபாய். வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம், மின் கட்டணமும் குறையும். தண்ணீர் மோட்டாரை மட்டும் இந்த இன்வெர்ட்டரில் ஓட்ட முடியாது. புயல் எச்சரிக்கை வந்ததுமே தொட்டியை நிரப்பச் சொல்லுங்கள்.

ரொக்கமும் ஃபேனும் போக 56,000 மிஞ்சும். இன்வெர்ட்டருக்கும் அதிலிருந்தே கொடுத்தால் 32,000தான். ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை, அது ஆபத்து. எனவே தவணை சரி, ஆறு மாதத்துக்கு மேல் வேண்டாம். வட்டியில்லை என்றாலும் செயலாக்கக் கட்டணம், தள்ளுபடியாக ஈடுகட்டப்படும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி, கைவிட்டுப்போகும் தள்ளுபடி எல்லாம் உண்டு. கடையில் “மொத்தமாகக் கட்டினால் என்ன விலை?” என்று கேளுங்கள். வித்தியாசம் ஆயிரத்துக்குள் இருந்தால் தவணையில் எடுங்கள்.

வயரிங்குக்கு வீட்டு உரிமையாளரிடம் முதலிலேயே அனுமதி வாங்குங்கள். தரைத்தளத்தில் பேட்டரியைச் சக்கர ட்ராலியில் தரையோடு வைத்தால் முதல் வெள்ளத்திலேயே பணம் போய்விடும். பழைய தண்ணீர்க் கறைக்கு மேலே, காற்றோட்டமான இடத்தில் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றுங்கள்.