வகுப்பெடுக்க வருபவர் யார்? கொட்டேஷனில் அந்தப் பெயர் இருக்கிறதா?

கேள்வி: கடலூர் குடிகாடு சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நிரந்தரத் தொழிலாளர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லாம் சேர்த்து 180 பேர், மூன்று ஷிப்ட். எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனி ஆடிட் செய்தபோது ‘பாதுகாப்புப் பயிற்சிக்கு ஆதாரம் போதவில்லை’ என்று எழுதிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் திரும்ப வருவார்கள். தீயணைப்பு, ரசாயனம் கையாளுதல், முதலுதவி ஆகியவற்றுக்கு வெளியாள் வைத்துப் பயிற்சி தர வேண்டும். மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒருவர் ஒரே நாளில் எல்லோருக்கும் சேர்த்து 20,000 ரூபாய், சான்றிதழும் உண்டு என்கிறார். இரண்டாமவர் 25 பேர் கொண்ட ஒரு பேட்சுக்கு 15,000 கேட்கிறார். மூன்றாமவர் புதுச்சேரிக்காரர், வருடத்துக்கு ஒரு பேக்கேஜ், ஆடிட்டுக்கு வேண்டிய பேப்பரையெல்லாம் அவரே தயார் செய்து தருவாராம். பர்ச்சேஸில் விலை குறைந்தவரைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். யாரை எடுப்பது?

பதில்: மூன்றாமவரை இன்றைக்கே கழித்துவிடுங்கள். முதல் பேச்சிலேயே பேப்பர் தயார் செய்து தருகிறேன் என்பவருக்கு உங்கள் தொழிலாளி ஒரு பொருட்டே இல்லை. முதலாமவரும் வேண்டாம். 180 பேரைக் கல்யாண மண்டபம் மாதிரி உட்கார வைத்து ஒரே நாளில் மூன்று பாடம் நடத்த யாராலும் முடியாது. மிஞ்சுவது இரண்டாமவர். ஆனால் அவருக்கும் உடனே ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். வகுப்பெடுக்க வரப்போகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள்.

இந்தக் கேள்வியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பயிற்சி நிறுவனம் என்று போர்டு மாட்டியிருப்பவர்களில் பலர் ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள்தான். ஒரு லெட்டர்பேடு, வழவழப்பான பிரவுச்சர், அதில் முப்பது வருடம் பெரிய ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் போட்டோ. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நீங்கள் ஆர்டர் கொடுப்பீர்கள். ஆர்டர் கைக்கு வந்த அன்று மாலையே அது ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஏலத்துக்கு வந்துவிடும்: ‘சனிக்கிழமை, கடலூர், ஃபயர் சேஃப்டி, ஃபுல் டே, யார் ஃப்ரீ?’ குறைவாகக் கேட்டவர் காலையில் உங்கள் கேட்டில் வந்து நிற்பார். போட்டோவில் இருந்த பெரியவருக்கு உங்கள் கம்பெனியின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் பல நேரம் பாதிகூட வகுப்பெடுத்தவர் கைக்குப் போவதில்லை. எனக்கே இப்படி அழைப்புகள் வரும். என்ன ஆலை, என்ன ரசாயனம் என்று கேட்டால், ‘அதெல்லாம் எதுக்கு சார், ஸ்லைடு நாங்களே அனுப்பிடறோம்’ என்பார்கள். உங்களிடமும் ‘உங்களைத் தனியா கவனிச்சுக்கறோம்’ என்று ஒரு வார்த்தை வரலாம். வந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முத்திரைகள். சான்றிதழின் அடியில் நான்கைந்து சின்னங்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். உத்யம் பதிவு என்பது சிறுதொழில் நடத்துபவர் இணையத்தில் தானே விவரம் கொடுத்து இலவசமாகச் செய்துகொள்வது. பயிற்சி தரத் தகுதி உண்டு என்று அதில் யாரும் சொல்லவில்லை. நிதி ஆயோக் பெயர் போட்டிருந்தால், பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் தங்களைப் பதிந்துகொள்ளும் தர்ப்பண் தளத்தின் எண்ணாக இருக்கும். ஐஎஸ்ஓ 9001 அந்த அலுவலகத்தின் நடைமுறை ஒழுங்காக இருக்கிறது என்பதற்கான சான்று. வருகிற ஆளுக்கு டொலுவீன் போன்ற, எளிதில் தீப்பற்றும் கரைப்பானைப் பற்றித் தெரியும் என்பதற்கு அல்ல. ‘அரசு அங்கீகாரம்’ என்றால் எந்த அரசு, எந்தத் துறை, எந்தப் பாடத்துக்கு, எந்தத் தேதி வரை என்று உத்தரவு நகலையே கேளுங்கள். உங்கள் ஆலை தமிழ்நாட்டின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் கீழ் வருகிறது. புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் அரசே வேறு. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் செல்லும் காகிதம் குடிகாட்டிலும் செல்லும் என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, ஆளை எப்படி எடைபோடுவது? உங்களுக்கு வேதியியல் தெரிய வேண்டியதில்லை. முதலில், ஆலையைப் பார்க்காமல் விலை சொன்னவர் யாராக இருந்தாலும் வந்து பார்த்துவிட்டு மறுபடி விலை சொல்லட்டும். வரும்போது வகுப்பெடுப்பவரே வர வேண்டும், மார்க்கெட்டிங் பையன் வேண்டாம். உங்கள் ஸ்டோரில் இருக்கும் ஏதாவது ஒரு ரசாயனத்தின் பாதுகாப்புத் தரவுத் தாளை, அதாவது நம் ஆட்கள் எம்எஸ்டிஎஸ் என்று சொல்வதை, அவர் கையில் கொடுங்கள். 16 பகுதி இருக்கும். ‘சி ஷிப்ட் ஆபரேட்டருக்கு இதில் எதைச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் நேராக 4, 5, 8 ஆகிய பகுதிகளுக்குப் புரட்டுவார்: முதலுதவி, தீயணைப்பு, அணிய வேண்டிய கவசம். டொலுவீன் தாள் என்றால், ‘டிரம்மிலிருந்து பக்கெட்டுக்கு மாற்றும்போது எர்த்திங் கிளிப் மாட்டுகிறார்களா?’ என்று உங்களையே திருப்பிக் கேட்பார். ஊற்றும்போது உண்டாகும் நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும், ஆவி பற்றிக்கொள்ளும். காஸ்டிக் சோடா என்றால் எழுந்து போய்க் கண் கழுவும் குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா, முதலில் வருவது துருவா என்று பார்ப்பார். வேலை தெரியாதவர் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவார், அல்லது ‘ஜெனரல் அவேர்னஸ்தான் சார் கொடுப்போம்’ என்பார். பத்து நிமிடத்தில் உங்களுக்கே விளங்கிவிடும்.

தீயணைப்பில் ஒரே அளவுகோல், ஒவ்வொருவர் கையும் சிலிண்டரில் பட வேண்டும். வருடக்கணக்காகச் சிவப்பு சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கூட முதல் தடவை கைப்பிடியைப் பூட்டியிருக்கும் பின்னை (ஊசியை) உருவாமலே அழுத்துவார். அழுத்தி, வரவில்லையே என்று இன்னும் பலமாக அழுத்துவார். அப்போது அந்தப் பின் இறுகிக்கொண்டு உருவவும் வராது. பிறகு தீயின் அடியை விட்டுவிட்டுக் கண்ணில் தெரியும் ஜுவாலையின் உச்சியில் பவுடரை வீணடிப்பார். ஆறு கிலோ சிலிண்டர் அரை நிமிடம்கூடத் தாங்காது. சிஓ2 சிலிண்டரின் கூம்பை வெறுங்கையால் பிடிப்பவரும் உண்டு, குளிரில் தோல் புண்ணாகிவிடும். ஸ்லைடில் இதில் எதுவும் புரியாது. தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தி, ஒவ்வொருவராக அணைக்க வைக்க வேண்டும். அதனால்தான் பேட்சுக்கு 25 பேருக்கு மேல் கூடாது. சிலிண்டருக்குத் தனிச் செலவு வேண்டாம். ரீஃபில் தேதி நெருங்கியதையெல்லாம் மெயின்டனன்ஸில் சொல்லி ஒதுக்கி வைத்துப் பயிற்சிக்குக் கொடுங்கள், எப்படியும் நிரப்பத்தானே போகிறீர்கள். எங்கே தீ வைப்பது, காற்று எந்தப் பக்கம், ஹாட் வொர்க் பெர்மிட், அதாவது ஆலைக்குள் தீ மூட்டும் வேலைக்கான அனுமதி, யார் தருவார் என்று வருகிறவர் தானாகவே கேட்க வேண்டும். கேட்காதவரைக் கரைப்பான் வைத்திருக்கும் ஆலைக்குள் தீப்பெட்டியோடு விடாதீர்கள்.

மொழி விஷயத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை. உங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் அவர்களுக்கு இந்தியில் ஒரு பேட்ச் தனியாகப் போட வேண்டும். ஆங்கில ஸ்லைடு, தமிழ்ப் பேச்சு, முன்வரிசையில் தலையாட்டும் பீகார் பையன், கடைசியில் அவன் பெயரில் ஒரு சான்றிதழ்: இதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவு ஷிப்ட்காரர்களுக்கும் இதே கதிதான். பயிற்சியாளர்கள் பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குக் கிளம்புபவர்கள். இரவு முழுக்க வேலை பார்த்தவரைக் காலையில் நிறுத்தி வைத்தால் உட்கார்ந்தபடியே தூங்குவார். ஷிப்ட் மாறும் வாரத்தில் அவர்களுக்குத் தேதி ஒதுக்கி, அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டுச் சம்பளம் கொடுங்கள்.

சான்றிதழை இவ்வளவு திட்டிவிட்டேன். ஆனால் உங்கள் பட்டியலில் இருக்கும் மூன்றில் முதலுதவிக்கு மட்டும் சான்றிதழைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், இதை நிதானமாகப் படியுங்கள். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும் 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும் என்றது. உங்கள் 180 பேர் மூன்று ஷிப்டாகப் பிரிந்தால் எந்த நேரமும் 150-ஐத் தாண்டாது. கணக்குப்படி ஒரு பெட்டி போதும் என்று யாராவது சொல்வார்கள். அங்கேதான் கோட்டை விடுவார்கள். பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும், அவர் மாநில அரசு ஏற்றுக்கொண்ட முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், வேலை நேரம் முழுவதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது. அப்படியென்றால் ஷிப்டுக்கு ஒருவர். அவருக்கு வார விடுமுறை உண்டு, காய்ச்சல் வரும், ஊரில் திருவிழா வரும். ஆகவே ஷிப்டுக்கு இருவர், மொத்தம் ஆறு பேர். இரண்டு பிளாக் இருந்து, நடுவில் ஓட வேண்டிய தூரம் அதிகம் என்றால் பெட்டியையும் ஆளையும் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த ஆறு பேரை செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற, தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் அமைப்பிடம் அனுப்புங்கள். அனுப்புமுன், உங்கள் மாவட்டத்தைப் பார்க்கும் இணை இயக்குநர் அலுவலகத்தில் எந்தச் சான்றிதழை ஏற்பார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். சான்றிதழின் காலாவதி தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘2020-இல் பணியிடப் பாதுகாப்புக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது, பழைய பிரிவெல்லாம் போச்சு’ என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். புதிய தொகுப்பிலும் முதலுதவிப் பெட்டி முதலாளியின் பொறுப்புதான். மற்ற 174 பேருக்கு ரத்தத்தை நிறுத்துவது, ரசாயனம் பட்ட இடத்தைத் தண்ணீரில் விடாமல் கழுவுவது, மயங்கிக் கிடப்பவரைத் தொடுமுன் வாயுக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவு போதும். ரசாயன வகுப்பிலேயே முடித்துவிடலாம், தனிக் கட்டணம் தேவையில்லை.

இந்தத் தொழில் இப்படிக் கெட்டுப்போனதற்கு ஆடிட் முறையும் ஒரு காரணம். வருகிறவர் ரெஜிஸ்டர், கையெழுத்துத் தாள், பேனருக்கு முன்னால் எடுத்த குரூப் போட்டோ ஆகிய மூன்றையும் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போகிறார். ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எண்பது கையெழுத்து இருந்தாலும் கேட்பதில்லை. பிளான்டுக்குள் போய் ஒரு தொழிலாளியை நிறுத்தி, ‘சைரன் அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவாய்?’ என்று கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பையைப் பார்த்து, காற்றுக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும் என்று எத்தனை பேர் சொல்வார்கள்? அதைக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை. கேட்காத இடத்தில் பேப்பர் வியாபாரி பிழைக்கிறார்.

பர்ச்சேஸ்காரர்களிடம் சண்டை போடாதீர்கள். அவர்கள் கையில் இருப்பது வெவ்வேறு சரக்குக்கான மூன்று விலை. என்ன வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுக்காததால் வந்த வினை இது. பேட்சுக்கு 25 பேர், ஆலையைப் பார்த்த பிறகு பாடத்திட்டம், தமிழ், இந்தி இரண்டிலும் வகுப்பு, ஒவ்வொருவரும் தீ அணைக்க வேண்டும், பயிற்சியாளர் பெயர் குறிப்பிட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி மறுபடி கொட்டேஷன் கேளுங்கள். 20,000 ரூபாய்க்காரர் அப்போது ஒன்று விலையை ஏற்றுவார், இல்லை காணாமல் போவார். இரண்டாமவர் விலையில் எட்டு பேட்சுக்கு 1,20,000, 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1,41,600 ஆகும். எட்டு பேட்ச் மொத்தமாகக் கொடுப்பதால் குறைக்கச் சொல்லிப் பேசலாம், தப்பில்லை.

ஆர்டரில் பயிற்சியாளர் பெயர் இருக்கட்டும். ஆள் மாறினால் ஒரு வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும், வேறு ஆள் வந்து நின்றால் வகுப்பும் இல்லை, பணமும் இல்லை என்ற வரி கட்டாயம். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். முதல் பேட்ச் முடிந்து ஒரு வாரம் கழித்து, வகுப்பில் இருந்தவர்களில் ஐந்து பேரை ஷிப்டிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டுப் பாருங்கள். திருப்தி என்றால் மீதி ஏழு பேட்சுக்குத் தேதி கொடுங்கள்.

வெளியாளைத் தேடுமுன் உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்திலும் ஒரு கடிதம் கொடுத்துக் கேளுங்கள், ஆலைகளுக்கு ஒத்திகை நடத்த அவர்கள் வருவார்கள். சூப்பர்வைசர் மட்டத்துக்கு, மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் சென்னையில் பாதுகாப்புப் பயிற்சிகள் நடத்துகிறது.

இரண்டு மாதத்தில் வாரத்துக்கு ஒரு பேட்ச் வீதம் எட்டும் முடிந்துவிடும். இடையில் மழை, ஷட்டவுன் என்று ஏதாவது வந்து இரண்டு பேட்ச் தள்ளிப்போனால் ஆடிட்டரிடம் மறைக்க வேண்டாம். முடிந்தவர்கள் பட்டியல், ஷிப்டில் கேட்ட கேள்விகள், அவர்கள் சொன்ன பதில், மீதிப் பேட்சுகளின் தேதி ஆகியவற்றை ஒரே தாளில் கொடுங்கள். திருத்த நடவடிக்கைக்குத் தேதி போட்ட திட்டம் இருந்தால், நடந்துகொண்டிருக்கும் வேலை என்று அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.