மேடை இசை நாடகங்களில் கதாநாயகனைக் குரலுக்காக எடுப்பார்களா, நடிப்புக்காக எடுப்பார்களா?

நியூயார்க்கின் பிராட்வே, லண்டன் மேடைகளைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டால், பல பெரிய வேடங்கள் முதலில் நடித்தவரின் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். பின்னால் வருகிறவருக்கு அது பொருந்துகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

'மை ஃபேர் லேடி' (1956) நாயகன் ரெக்ஸ் ஹாரிசன் பாடகரே இல்லை. அதனால் பேராசிரியர் ஹிக்கின்ஸின் பாட்டுகளைத் தாளத்தோடு பேசிவிட்டுப் போகும்படி அமைத்தார்கள். 1964-ல் படமாக எடுத்தபோது, முன்பே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். டைக்குள் கம்பியில்லா மைக்கை ஒளித்துவைத்து, படப்பிடிப்பிலேயே பாட்டைப் பதிந்தார்கள். இன்றும் அந்த வேடத்துக்குப் பெரும்பாலும் வசனத்தில் கெட்டிக்காரர்களைத்தான் தேடுகிறார்கள்.

'சவுத் பசிபிக்' (1949) இதற்கு நேரெதிர். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் பாடிய எசியோ பின்ஸாவை நாயகனாக்கினார்கள். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி பாஸ் குரல். அதோடு போட்டி போட நாயகி மேரி மார்ட்டினுக்குத் தயக்கம். அதனால் முதல் காட்சியில் இருவரும் மனதில் நினைப்பதை மாறி மாறித்தான் பாடுவார்கள், சேர்ந்து பாட மாட்டார்கள். காதலைச் சொல்லத் தயங்குகிற இருவருக்கு அது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

அந்தக் காலத்து நாயகர்கள் பெரும்பாலும் பாரிடோன்கள், அதாவது உச்சமும் இல்லாத, அடிமட்டமும் இல்லாத நடுத்தர ஆண் குரல்காரர்கள். மைக் இல்லாத நாளில் நம் நாடக நடிகர் கிட்டப்பா உச்ச சுருதியில் கடைசி பெஞ்சைத் தொட்டார். அவர்கள் கனத்த குரலால் தொட்டார்கள். ராக் இசை மேடையேறி, தலைமுடிக்குள் மைக் ஒளிந்த பிறகுதான் நாயகன் மேலே மேலே ஏறினான்.

'லே மிசராப்' நாயகன் ஜான் வல்ஜான் அப்படி ஏறியவன்தான். 1985-ல் லண்டனில் அதைப் பாடியவர் அயர்லாந்தின் கோம் வில்கின்சன், ராக் பின்னணிக்காரர். முதல் பாதியில் தன் சிறை எண் 24601-ஐச் சொல்லி முடிக்கும் கடைசி சுரம், ஒரு கட்டையில் பாடுகிற ஆணுக்குத் தார ஸ்தாயி நிஷாதம். நம் கச்சேரியில் தார ஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டாலே சபை கைதட்டும். அதைத் தாண்டி, முழுக் குரலில், மூச்சை இறுக்கிப் பிடித்து நிற்க வேண்டும்.

கஷ்டம் அதுகூட இல்லை. இரண்டாம் பாதியில், தூங்குகிற இளைஞன் மாரியஸுக்காக வேண்டுகிற பாட்டு ஒன்று வருகிறது. வில்கின்சனின் குரலை மனதில் வைத்தே எழுதியது. ஆரம்பத்திலேயே ஒரு ஸ்தாயி தாவல், ஆனால் மெதுவாக. நெஞ்சுக் குரலை அப்படியே மேலே தள்ளினால் கத்தலாகிவிடும். முழுக்கக் கள்ளக்குரலுக்கு (மெல்லிய பொய்க்குரலுக்கு) போனால் உயிர் போய்விடும். காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, இரண்டையும் கலந்து, ஒட்டு தெரியாமல் கொண்டுபோக வேண்டும். கத்தத் தெரிந்தவர் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 2012 படத்தில் ஹியூ ஜாக்மன் இதைப் பெரும்பாலும் பலத்த குரலில் பாடியிருப்பார். நடிப்பு பிரமாதம், ஆனால் என் காதுக்கு அது பிரார்த்தனையாக விழவில்லை.

இன்னொன்று, வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். ஒரு நாள் அசத்துகிறவர் வேண்டாம். சனிக்கிழமை மதியமும் இரவும் பாடிவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி வந்து நிற்பவர்தான் வேண்டும். 'ஜெர்சி பாய்ஸ்' நாயகன் ஃபிராங்கி வாலி மாலை முழுக்கக் கள்ளக்குரலில் ஏறி இறங்க வேண்டியவர் என்பதால், சில காட்சிகளுக்கு மாற்று நடிகரை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து வைப்பார்கள். பெரிய பெயரை நம்பி டிக்கெட் எடுத்து, அரங்க வாசலில் வேறு பெயரைப் பார்த்தால், நட்சத்திரம் ஓபி அடித்துவிட்டார் என்று திட்டாதீர்கள்.