மதத்தை விமர்சித்தால் குற்றமா? பேச்சுரிமை எதுவரை?

பேச்சுரிமை என்பது, மனதில் பட்டதைச் சொன்னதற்காக அரசு நம்மைத் தண்டிக்காது என்ற உறுதி. அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு அதைத் தருகிறது. 25ஆம் பிரிவு மத உரிமையைத் தருகிறது. இரண்டும் உரசும்போதுதான் சிக்கல்.

பேச்சுக்கு எந்தக் காரணங்களுக்காக வரம்பு போடலாம் என்று 19(2) சொல்கிறது. அதில் ‘மத உணர்வு’ இல்லை, ‘பொது ஒழுங்கு’ இருக்கிறது. மதத்தை அவமதிப்பதைக் குற்றமாக்கி 1927இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்த 295ஏ பிரிவு செல்லும் என்று 1957இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதை வைத்துத்தான். வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு அவமதித்தால்தான் குற்றம், தெரியாமல் வாய் தவறியது இதில் வராது என்றும் சொன்னது. இந்தப் பாதியைப் பலர் படிப்பதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். 2024 ஜூலை முதல் இதே விதி, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு.

எங்கள் தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். துரியோதனன் நெஞ்சை நிமிர்த்தி வசனம் பேசும்போதே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே ஒரு வார்த்தை விடுவான். சில நேரம் சாமியையும் சீண்டுவான். சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் குலுங்கிச் சிரிப்பார்கள். துகில் உரியும் கட்டம் வந்தால் அவர்களே கையெடுத்துக் கும்பிடுவார்கள். சரி, அதே ஆள் வேறொரு மதத்தாரின் தெருவில் மைக் பிடித்து, சண்டை மூட்டவே ஏசினால்? சிரித்த பாட்டிகளே தடுப்பார்கள். சட்டம் பார்ப்பதும் அந்த நோக்கத்தைத்தான்.

‘என் மனம் புண்பட்டது’ என்று புகார் கொடுத்தாலே குற்றம் உறுதியாகிவிடும் என்பது தவறான எண்ணம். பேசியவரின் கெட்ட எண்ணத்தை நிரூபித்தாக வேண்டும்.