அமெரிக்க அரசமைப்பின் 2ஆம் திருத்தம்: கேள்வி பதில்

கேள்வி: துப்பாக்கி வைத்திருப்பதை ஓர் உரிமையாக எழுதக் காரணம் என்ன?

பதில்: நிரந்தரப் படை வைத்திருக்கும் அரசு தன் குடிகளையே ஒடுக்கும் என்ற அச்சம்தான். இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் நாடாளுமன்ற ஒப்புதலின்றிப் படை வைத்திருந்தார், புராட்டஸ்டன்ட்டுகளின் ஆயுதங்களைப் பறித்தார் என்று குற்றம் சாட்டிய இங்கிலாந்தின் 1689 உரிமைச் சாசனம், அவர்கள் தம் நிலைக்கேற்ப, சட்டத்துக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கலாம் என்றது. 1775 ஏப்ரல் 19 அன்று, அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த மாசசூசெட்ஸின் கான்கார்டில் இருந்த போர்த் தளவாடங்களை அழிக்கச் சென்ற பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்றவர்கள், ஊருக்கு ஊர் திரண்ட குடிப்படையினர், அதாவது தேவைப்படும்போது ஆயுதமேந்தும் சாதாரணக் குடிமக்கள். 1787 அரசமைப்பு, குடிப்படைக்கு ஆயுதம் அளிக்கும் அதிகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் ஒப்படைத்தது. காங்கிரஸ் அதைச் செய்யாமல் விட்டால் குடிப்படையே அழிந்துபோகும் என்று 1788இல், அந்த அரசமைப்பை ஏற்பதா என்று முடிவுசெய்ய வர்ஜீனியா மாநிலத்தில் கூடிய மாநாட்டில் ஜார்ஜ் மேசன் வாதிட்டார். 1791இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தக் கவலைக்கு அளித்த விடை.

கேள்வி: உரிமை குடிப்படைக்கா, தனிமனிதருக்கா?

பதில்: நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை தேவை என்று தொடங்கும் அந்த ஒரே வாக்கியம், மக்களின் ஆயுத உரிமை மீறப்படலாகாது என்று முடிகிறது. பாதியை மட்டும் படித்துவிட்டு வாதாட வேண்டாம். 2008இல், கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்துத் தொடரப்பட்ட ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனிமனித உரிமை என்றது. ஒன்பது நீதிபதிகளில் நால்வர் அதை மறுத்தனர்.

கேள்வி: வேட்டைக்காகத் தந்த உரிமைதானே?

பதில்: அந்த வாக்கியத்தில் வேட்டை என்ற சொல்லே இல்லை. முழுவதையும் படியுங்கள்.

கேள்வி: இந்தியாவில் உரிமம் பெறுவது எப்படி?

பதில்: அது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி நடப்பது, வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: அடிமைகளை ஒடுக்கவே இத்திருத்தம் வந்தது என்கிறார்களே?

பதில்: அடிமைகள் கிளர்ந்தால் அடக்கும் அதிகாரம் மாநிலத்திடம் இருக்குமா என்று 1788இல் அதே வர்ஜீனியா மாநாட்டில் பேட்ரிக் ஹென்றி கேட்டது உண்மை. ஆனால் அது ஒன்றே காரணம் என்பதை ஏற்க மாட்டேன். 1776இலேயே பென்சில்வேனியா தன் உரிமைப் பிரகடனத்தில் இவ்வுரிமையைச் சேர்த்திருந்தது.

கேள்வி: நீங்கள் இனவெறியை மூடி மறைக்கிறீர்கள்.

பதில்: இல்லை. 1792 குடிப்படைச் சட்டம் வெள்ளையின ஆண்களை மட்டுமே சேர்த்தது. அடிமை முறை ஒழிந்த 1865இலேயே, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை மிசிசிப்பி தடைசெய்தது. அவர்களைத் தாக்கவந்த வெள்ளையர்களுக்கோ அத்தகைய தடை இல்லை. சட்டத்தின் சமமான பாதுகாப்பை அனைவருக்கும் உறுதிசெய்து 1868இல் நிறைவேறிய 14ஆம் திருத்தத்தை ஆதரித்தவர்கள் இக்கொடுமையையும் எடுத்துக்காட்டினர். அரசுக்கு எதிரான குடிப்படை என்ற பழைய நியாயத்தோடு, அரசு காக்கத் தவறியவரின் தற்காப்பு என்ற நியாயமும் அப்போதுதான் வலுப்பெற்றது.