14 பேர் வகுப்பு

கேள்வி: வரலாறு படிக்க ஒரு சிறிய கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பில் 14 பேர்தான், துறையில் 3 ஆசிரியர்கள், நூலகமும் சிறியது. ஓராண்டு பொறுத்திருந்து பெரிய பல்கலைக்கழகத்துக்கு முயலலாமா?

பதில்: வேண்டாம், சேர்ந்துவிடுங்கள். 14 பேர் என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது கோபம்கூட வரவழைக்கிறது. வரலாறு, இலக்கியம், தத்துவம் படிப்பவருக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. எழுதுவதும், எழுதியதை இன்னொருவர் திருத்தித் தருவதும்தான் பயிற்சி. ஒரு தாளுக்கு 20 நிமிடம் என்றால் 14 தாள்கள் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 200 தாள்களுக்கு ஏறக்குறைய 67 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது? மதிப்பெண் மட்டும்தான் திரும்பி வரும்.

அந்த 20 நிமிடத்தின் அருமையைப் பாருங்கள். "பிரெஞ்சுப் புரட்சிக்கு வறுமையே காரணம்" என்று ஒரு மாணவர் எழுதுகிறார். "வறுமை அதற்கு முன்பும் இருந்ததே, ஏன் 1789?" என்று ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் கேட்கிறார். மாணவர் மறுபடி தேடப் போகிறார். 1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது, மறு கோடையில் ரொட்டி விலை எகிறியது, கஜானா காலி, 1614-க்குப் பிறகு கூடாத ஸ்டேட்ஸ் ஜெனரலை, அதாவது குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் அவையை, மன்னர் கூட்ட வேண்டி வந்தது என்றெல்லாம் தெரிகிறது. இரண்டாவது வரைவில் காரணங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே துறையில் முதலில் கேட்க வேண்டியது இது: ஒரு பருவத்தில் எத்தனை கட்டுரைகள், எத்தனை நாளில் திருத்தி வரும், திருத்தி மறுபடி எழுத விடுவார்களா? இரண்டு வாரம் தாண்டினால் அதே தவறுகளோடு அடுத்த கட்டுரையையும் எழுதி முடித்திருப்பீர்கள்.

கையேட்டில் அச்சிட்டிருக்கும் விருப்பப் பாடங்களை நம்பாதீர்கள். 3 ஆசிரியர்களால் அத்தனையும் நடத்த முடியாது. பல பாடங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் வரும், ஒருவர் விடுப்பில் போனால் அதுவும் போச்சு. கடந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையில் நடந்தவை எவை என்று இறுதியாண்டு மாணவர்களிடம் கேளுங்கள்.

சிறிய துறையின் நிஜமான ஆபத்து வேறு. ஒரே ஆசிரியரிடம் மூன்று ஆண்டுகள் படித்தால் அவர் கண்ணாடியே உங்கள் கண்ணாடியாகிவிடும். வகுப்பில் எல்லோரும் தலையாட்டுவார்கள், கட்டுரைகள் ஒரே மாதிரி வரும். ஒவ்வொரு கட்டுரைக்கும் அவரோடு உடன்படாத ஓர் ஆய்வாளரைத் தேடிப் படியுங்கள், அந்த மறுப்பை அவரிடமே கொண்டு போங்கள். நல்ல ஆசிரியர் மகிழ்வார்.

நூலகத்தைப் பற்றி இவ்வளவு கவலை தேவையில்லை. ஆய்விதழ்களின் இணையத் தொகுப்பான ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகளை இணையத்தில் படிக்கலாம். பழைய நூல்கள் பல இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் கிடைக்கும். மற்றவற்றுக்கு, பிற நூலகங்களிலிருந்து இரவல் தருவிக்கும் வசதி உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் தலைப்பு முடிவான அன்றே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். நூலாசிரியர் பெயர், ஆண்டு, பதிப்பு எல்லாம் சரியாக இருக்கட்டும். ஓர் இயல் போதுமென்றால் பக்க எண்களையும் எழுதுங்கள், முழுப் புத்தகத்துக்குப் பதில் அந்தப் பக்கங்களின் நகலையே அனுப்பிவிடுவார்கள்.