தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் டேபிள் மலையின் அடியில் உருவானது ஏன்?
முக்கியக் காரணம் தண்ணீர். மலையிலிருந்து இறங்கும் நன்னீர் ஓடைகளை நம்பித்தான், கிழக்கே போகும் கப்பல்களுக்குக் குடிநீரும் காய்கறியும் இறைச்சியும் வழங்க, டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் யான் வான் ரீபெக்கை அங்கே அனுப்பியது. ஆளில்லாத இடமல்ல அது; கொய்கொய் மக்களின் மேய்ச்சல் நிலம். பிறகு வங்காளத்திலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து நகரை வளர்த்தார்கள். 1806இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர்.

மலையின் உயரம் 1,086 மீட்டர். உச்சி அரிந்துவைத்தாற்போல் தட்டை. கோடையில் ஈரமான தென்கிழக்குக் காற்று மலைமீது ஏறிக் குளிர்ந்து மேகமாகிறது. நகரை நோக்கி வழியும்போதே வெப்பத்தில் கரைந்துவிடுகிறது. உள்ளூர்க்காரர்கள் அதை மேசைவிரிப்பு என்பார்கள். ரோப் கார் 1929 முதல் ஓடுகிறது. காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள். வானம் தெளிந்த நாளில் தள்ளிப்போடாமல் ஏறிவிடுங்கள்.