இங்கிலீஷ் கெட்ட வார்த்தைங்க பொறந்த கதை, கேளுங்க சொல்றேன்

கே: அண்ணா, அந்த எஃப் வார்த்தை, "ராஜா அனுமதியோட உறவு வெச்சுக்கிறோம்"னு வீட்டு வாசல்ல மாட்டுன போர்டோட சுருக்கமாமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு.

ப: சுத்த ரீல் தம்பி. முதலெழுத்தெல்லாம் சேத்து புது வார்த்தை பண்ற பழக்கமே இங்கிலீஷ்ல 20ம் நூற்றாண்டுலதான் சூடு பிடிச்சுது, இந்த வார்த்தை அதுக்கு பல நூறு வருஷம் மூத்தது. ஜெர்மானிக் குடும்பம், டச்சுலயும் ஸ்வீடிஷ்லயும் இதோட பங்காளிங்க இருக்காங்க. 15ம் நூற்றாண்டு கடைசில பாதி லத்தீன் பாதி இங்கிலீஷ்ல ஒரு கிண்டல் பாட்டு, இங்கிலாந்துல "ஈலி"ன்னு ஒரு ஊர், அங்க இருக்கிற பொண்டாட்டிங்களோட சகவாசம் வெச்சுக்கிற கார்மலைட்ங்கிற கிறிஸ்தவ மடத்து சாமியாருங்களுக்கு சொர்க்கம் கிடையாதுன்னு சொல்லுது, ஆனா எழுதுனவன் இந்த வார்த்தை வர்ற இடத்தை நேரா எழுதாம ஒவ்வொரு எழுத்துக்கும் அடுத்த எழுத்தைப் போட்டு மறைச்சிருக்கான், அப்பவே கூச்சம்னு பாத்துக்கோங்க. 1528ல ஒருத்தர், ரோமாபுரி எழுத்தாளர் சிசரோவோட ஏட்டு ஓரத்துல மடத்துத் தலைவரை இதே வார்த்தையால திட்டிக் கிறுக்கி வெச்சிருக்கார். எனக்குப் பிடிச்சது 1310, செஸ்டர் கோர்ட் பதிவு. ரோஜர்னு ஒரு ஆள், இதே வார்த்தையை வெச்சு அவனோட பட்டப்பேர் "தொப்புள் வழியா முயற்சி பண்ணவன்"ங்கிற மாதிரி வருது. 2015ல ஒரு வரலாற்று ஆய்வாளர் சொல்லித்தான் வெளில தெரிஞ்சுது, பாவம் 700 வருஷம் கழிச்சும் மானம் போச்சு. இவ்ளோ பழைய வார்த்தையை ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி சேத்துக்கிட்டது 1972லதான்.

கே: அப்ப ஷிட்? கப்பல்ல எரு ஏத்துறப்ப தண்ணி படாம உயர வைன்னு மூட்டை மேல எழுதுனதோட சுருக்கமாம்.

ப: அதே ஃபேக்டரி சரக்கு. பழைய ஆங்கிலத்துலயே இருக்கிற வினைச்சொல், "பிரிச்சு விடுறது"ங்கிற வேர்ல இருந்து வந்தது. சயின்ஸும் அதே வேர்தான்னு அகராதிக்காரங்க சொல்றாங்க, பசங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

கே: சார், ப்ளடிங்கிறது மேரி மாதா பேர் மருவி வந்ததுன்னு எங்க இங்கிலீஷ் வாத்தியார் சொன்னார்.

ப: கேக்க நல்லா இருக்கும், ஆதாரம் நிக்காது. ரத்தம்தான். நம்ம பழைய பட வில்லனுங்க சர்வசாதாரணமா "ப்ளடி ராஸ்கல்"னு கத்துனாங்க, ஆனா 1914ல லண்டன்ல பெர்னார்ட் ஷா நாடகத்துல ஹீரோயின் மேடைல இதைச் சொன்னது பேப்பர் வரைக்கும் போய் ரகளை ஆச்சு.

கே: சர்ச் அவ்ளோ கெடுபிடியா இருந்த காலத்துல எப்படித்தான் திட்டிக்கிட்டாங்க?

ப: நல்ல கேள்வி. அப்ப உடம்பு உறுப்பு பேரெல்லாம் இவ்ளோ பெரிய கெட்ட வார்த்தை இல்ல. 13ம் நூற்றாண்டுல லண்டன், ஆக்ஸ்ஃபோர்ட்ல சிவப்பு விளக்குத் தெருக்களுக்கு, இன்னைக்கு இங்கிலீஷ்லயே மோசமான அந்த சி வார்த்தையை வெச்சே அரசாங்கப் பதிவுல பேர் எழுதிருக்காங்க (ஆக்ஸ்ஃபோர்ட் தெரு இப்ப மேக்பை லேன்). வைத்திய நூல்லகூட அந்த சொல்லு வரும். பயந்தது சாமி பேருக்குத்தான். "கடவுளோட காயங்கள் மேல சத்தியம்"னு சொன்னா மகாபாவம், அதனால அதையே சுருக்கி ஸவுண்ட்ஸ்னு ஆக்கிட்டாங்க. 1606ல மேடைல கடவுள் பேரைக் கண்டபடி இழுத்தா 10 பவுண்டு ஃபைன்னு சட்டமே வந்துச்சு. நம்ம இலக்கணத்துல இடக்கரடக்கல்னு படிச்சோம்ல, கால் கழுவிட்டு வந்தேன்னு, கிட்டத்தட்ட அதே வேலை. சொல்லு அப்படியே இருக்கும், மரியாதை மட்டும் ஏறும் இறங்கும், குறள்ல பூமொட்டு வாசனையா இருந்த நாற்றம் இப்ப மூக்கைப் பொத்த வைக்குதே, அது மாதிரி.

கே: பக்கர்னு திட்டுறாங்களே, அது?

ப: ஒரு நாட்டோட பேரு! பல்கேரியா. அங்க கிளம்புன போகோமில்ங்கிற மதப்பிரிவை சர்ச்சுக்குப் பிடிக்கல, மதத்துரோகிங்கன்னா முறைகேடான உறவும் வெச்சுப்பாங்கன்னு பழி போட்டாங்க, பல்கேரியன்ங்கிற லத்தீன் சொல்லு ஃப்ரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து வசவாயிடுச்சு. 1533ல எட்டாம் ஹென்றி சட்டத்துலயே இது குத்தத்தோட பேரு. பல்கேரியாக்காரங்க என்ன பாவம் பண்ணாங்களோ.

கே: இங்கிலீஷ்காரங்க திட்டுறதுக்கு ரெண்டு விரல் காட்றது, 1415 அஜின்கோர்ட் போர்ல சண்டை போட்ட வில்லாளிங்க ஆரம்பிச்சதா ப்ரோ?

ப: இல்ல. பிற்காலத்துல கட்டுன கதை. தெளிவான முதல் ஆதாரம் 1901ல, இங்கிலாந்துல ராதரம்ங்கிற ஊர் இரும்பு ஆலை வாசல்ல எடுத்த ஊமைப்படம், ஒரு தொழிலாளி கேமராவைப் பாத்துக் காட்டுறான்.

கே: லண்டன்கார மேனேஜர் என்னை பெர்க்னு சொன்னார், சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். செல்லமா?

ப: இப்ப அதுக்கு லூசுன்னுதான் அர்த்தம். ஆனா காக்னிங்கிற கிழக்கு லண்டன் ஆளுங்க எதுகை போட்டு வார்த்தையை ஒளிப்பாங்க, "பெர்க்லி ஹண்ட்"னு சொல்லிட்டு பின்பாதியை முழுங்கிடுவாங்க, அந்த ஹண்ட் எதுக்கு எதுகைன்னா, மேல தெருப் பேர்ல சொன்னேனே, அந்த சி வார்த்தைக்குத்தான். அவருக்கே தெரியாம இருக்கும், மெயில்ல கேட்டுறாதீங்க.